நூற்றுப்பத்தாவது பந்து

லொரீன் ஹயெக்குக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே, அவள் என்னைத் திருடன் என்று நினைத்ததால்தான்.

எங்கள் வெசலா உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில், மட்டையாளன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மரப்பலகையால் அடித்த கூண்டு ஒன்று இருக்கிறது. ஆறு படி ஏறினால் மூன்று நாற்காலி. ஒன்றில் நான், ஸ்கோர்போர்டு விசைகளோடு. இன்னொன்றில் லொரீன், கைபேசியோடு. மூன்றாவது வெளியூர் அணிக்காக எண்ணிக்கை போட வருகிறவருக்கு. ஒரு தடவை லொரீன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மறுமுறை வரும்போது நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆல்வின், அம்பயர் கை தூக்கறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரைக் விளக்கைப் போட்டுட்ட. உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது, லொரீன்."

"பாத்தாலே தெரியும்னா அம்பயர் எதுக்கு? யாருகிட்ட பேசி வச்சிருக்க?"

நான் ஊருக்குள் கேஸ் சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கிறவன். யாரோடும் பேசி வைத்துக்கொள்ள எனக்கு நேரமும் இல்லை, மூளையும் இல்லை. இதைச் சொன்னதும் மூளை விஷயத்தை மட்டும் உடனே ஒப்புக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. தீவன ஆலையின் எடைமேடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது டிரைவரோடு அவன் மச்சானும் ஒரு பெரிய நாயும் உள்ளே இருக்கும். கொட்டிவிட்டு வெறும் வண்டியை எடை போடும்போது இருவரையும் காணோம். மச்சானின் எடையும் நாயின் எடையும் சோளமாகிவிடும். லொரீன் எழுந்து போய் ஆலைக் கழிவறைக் கதவைத் தட்டி, "நாயையும் கூட்டிக்கிட்டு வெளிய வாப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் இன்று இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அறிவித்தால், கழுத்தைத் திருப்பி இவள் ஒரு தடவை எண்ணுவாள். இதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் புருஷன் டேரல். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். காலையில் கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று சொல்வான், சாயங்காலம் போன இடத்திலிருந்து வருவான். அவ்வளவுதான் அவன்.

இவர்கள் மகன் கோரியும் இதே பள்ளிக்குப் பந்து வீசினான். அந்தக் காலத்தில் ஒரு பையன் இத்தனை பந்துதான் வீசலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. அப்போதே லொரீனும் டேரலும் கைபேசிச் செயலியில் மகனின் ஒவ்வொரு பந்தையும் பதிந்தார்கள், பெற்றவர்களின் ஆசைக்காக. திரையில் ஒரு கட்டம் இருக்கும். வேகப்பந்தா, வளைபந்தா என்று தேர்ந்தெடுத்து, பந்து கட்டத்தின் எந்த இடத்தைக் கடந்ததோ அங்கே விரலை வைத்தால் ஒரு புள்ளி விழும். எண்ணிக்கை தானாக ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை அது நூற்று நாற்பத்து மூன்றில் போய் நின்றது. அந்த எண்ணை இருவரும் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் கேட்டுக் கைதட்டினேன். மூன்றாவது வாரம் கோரியின் முழங்கை போய்விட்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலது கை முழுதாக நீளாது. இப்போது மேற்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறான். பேஸ்பால் பேச்செடுத்தால் போனை அம்மாவிடமிருந்து அப்பாவுக்கு மாற்றச் சொல்வான், அப்பா எடுத்தால் அம்மாவுக்கு.

அதற்குப் பல வருஷம் கழித்து சட்டம் வந்தது. ஒரு நாளில் நூற்றுப்பத்து பந்துக்கு மேல் கூடாது, வீசியதைப் பொறுத்து இத்தனை நாள் ஓய்வு என்று. பள்ளிக்கு எண்ண ஆள் தேவைப்பட்டபோது லொரீன் தானாகப் போய் நின்றாள். இன்னிங்ஸ் முடிகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு அணிக்காரர்களும் தங்கள் எண்ணைச் சொல்லி ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் உள்ளூர் அணியின் தாள்தான் செல்லும். அவள் உட்கார்ந்த பிறகு ஒரு தடவைகூட ஒத்துவராமல் போனதில்லை. எண் மாறினாலும் சரிபார்த்ததும் வந்தவர்கள்தான் தப்பென்று ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் செயலியில் கட்டத்துக்கு நேர் கீழே அடுத்த பந்துக்கான பொத்தான் இருக்கிறது. மண்ணில் குத்தி விழும் பந்தை, விழுந்த இடத்திலேயே பதியலாம் என்று கீழே தொட்டால் விரல் பொத்தானில் பட்டு ஒரு பந்து அதிகமாக ஏறிவிடும். மற்றவர்கள் ஏறினதை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். லொரீனும் டேரலும் கோரி ஆடிய நாளிலேயே வீட்டு வழக்கமாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். மண்ணில் விழுந்த பந்து எங்கே விழுந்திருந்தாலும் சரி, புள்ளி இடது பக்கக் கீழ் மூலையில், கட்டத்துக்கு வெளியே. இப்படிச் செய்கிற வேறொருவரை நான் பார்த்ததில்லை.

போன வசந்தத்தில் எங்கள் அணிக்கு வாய்த்தவன் ரீஸ் மிகுல்கா. பதினேழு வயது, நெட்டையன், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். ஆனால் பந்து பேசும். செவ்வாய்க்கிழமை ஆட்டங்கள் எல்லாம் அவன் கையில்தான். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்ததும் லொரீன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. மார்ச்ல அவனோட வேகப்பந்து எல்லாம் இங்க, முட்டி உயரத்துல. இப்ப பாரு, ரெண்டாவது இன்னிங்ஸ்லயே மேல ஏறுது. வளைபந்து பாதி மண்ணுக்குப் போகுது. இது களைச்ச கை."

"வெயில் ஜாஸ்தியா இருக்கும்."

"ஏழு நாள் ஓய்வெடுத்த கை ரெண்டாவது இன்னிங்ஸ்ல களைக்காது. யாரோ இவனை வேற எங்கயோ போட வைக்கறாங்க."

அவளது விசாரணை தொடங்கியது. முதலில் கோச் லாண்ட்ரம். பயிற்சி நாட்களில் ஆளில்லா நேரத்தில் வீச வைக்கிறார் என்று மூன்று நாள் வேலி ஓரம் வண்டியை நிறுத்தி, சாண்ட்விச் தின்றுகொண்டே வேவு பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பந்து பிடிக்கிற கேட்சர் பையன். பிறகு வெளியூர்க்காரர்கள். நடுவில் ஒரு நாள் என்னையே கேட்டாள், பையனைப் பண்ணையில் வைக்கோல் கட்டுத் தூக்கக் கூப்பிட்டாயா என்று. எனக்குப் பண்ணையே கிடையாது.

கடைசியில் பையனின் காலணி காட்டிக் கொடுத்தது. ஆட்டம் முடிந்து ரீஸ் அதைத் தட்டிக்கொண்டிருந்த இடத்தை அவள் போய்க் குனிந்து பார்த்தாள். எங்கள் மைதானத்து மண் கறுப்பு. முள்ளாணிகளுக்கு நடுவிலிருந்து உதிர்ந்திருந்தது செங்கல் பொடி மாதிரி சிவப்பு. அப்படிப்பட்ட மண்ணை ஹூஸ்டன் பக்கத்தில் புதிதாகக் கட்டின மைதானங்களில்தான் போடுகிறார்கள். வாரக் கடைசியில் கிளப் அணிகள் ஆடுவதும், கல்லூரிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து உட்காருவதும் அங்கேதான். பள்ளிச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீசினாலும் செவ்வாய்க்கிழமைத் தாளில் அது வராது.

"அவங்கப்பன் வேலை" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும்தான்.

அந்தக் கிளப் அணியின் பக்கத்தைச் செயலியில் தேடிப் பிடித்து, ஏழாம் நம்பர் பையனின் அத்தை என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டாள். அவர்கள் சேர்த்துக்கொண்டது ஏப்ரல் கடைசி ஞாயிறு. நான் வீட்டுப் பின்னால் மாட்டு மார்க்கறியைப் புகை அடுப்பில் வைத்துக் காவல் இருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு நேரே வந்தாள்.

"டேரல் எங்க?" என்றேன்.

"மட்டகோர்டாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கான். நாலு வாரமா போறான், ஒரு மீன்கூடக் கடிக்கல. நீ இங்க வா, ஆட்டம் இப்ப நடக்குது."

திரையில் முப்பத்து நான்காம் நம்பர் பந்து வீசிக்கொண்டிருந்தான். பெயர் இல்லை, எண் மட்டும். நூறு மைலுக்கு அப்பால் யாரோ விரல் வைக்க வைக்க, எங்கள் முன்னால் புள்ளிகள் விழுந்தன. மேலே ஏறிய வேகப்பந்துகளைப் பார்த்ததும், "ரீஸேதான்" என்று தொடையில் தட்டினாள். பிறகு ஒரு வளைபந்து. புள்ளி இடது பக்கக் கீழ் மூலையில், கட்டத்துக்கு வெளியே விழுந்தது.

நாலு பந்து கழித்து இன்னொரு வளைபந்து. அதே மூலை. மூன்றாவதும் அங்கேயே.

"அட, இவனும் உங்க மாதிரியே..." என்று வாயைத் திறந்தவன் பாதியில் மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்த பெண்டாட்டி, புருஷனின் விரல் பொய் சொல்வதை நேரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் நான் கறிக்கத்தியோடு.

முப்பத்து நான்காம் நம்பர் ஐம்பத்தெட்டோடு இறங்கினான். லொரீன் கைபேசியை அணைத்தாள்.

"ஆல்வின், என்கூட வா. சாட்சிக்கு."

"புருஷன் பெண்டாட்டி விஷயத்துல நான் எதுக்கு?"

"நீ வரலேன்னா நான் கத்துவேன். ஆள் இருந்தா கத்தமாட்டேன்."

போனேன். அவள் வீட்டு வாசலில், இன்னும் வெயில் இறங்காத ஆறரை மணிக்கு, டேரல் காலி ஐஸ் பெட்டியோடு வண்டியிலிருந்து இறங்கினான்.

"மீன் எங்க?"

"கடிக்கல."

"முப்பத்தி நாலாம் நம்பர் எத்தனை போட்டான்?"

டேரல் பெட்டியைத் தரையில் வைத்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அம்பத்தெட்டு" என்றான். நேராகக் கேட்டால் இந்த மனுஷனுக்குப் பொய் வராது. அதனால்தான் அவளும் இத்தனை நாள் கேட்கவில்லை.

"யாரு கூப்பிட்டது?"

"ரீஸோட அப்பன். அங்க எண்ணறதுக்கு ஆளே இல்ல, லொரீன். ஆள் இல்லேன்னா எண்பது, தொண்ணூறுன்னு போட வைப்பாங்க. நான் இருந்தா அறுபதைத் தாண்ட விடமாட்டேன். அதைச் சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன். நம்ம கோரியை யாரும் நிறுத்தல. நாமளும் நிறுத்தல. கையில நம்பரை வச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா செவ்வாக்கிழமை நீ அவனைப் பந்து வீசற மேட்டுல ஏற விடமாட்ட. அவங்கப்பன் கோவத்துல பள்ளிக்கூட ஆட்டத்தையே நிறுத்திட்டு முழுசா அங்கேயே தள்ளிடுவான். அப்பறம் யாரு எண்ணறது?"

லொரீன் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஞாயித்துக்கிழமை நீ அம்பத்தெட்டு. செவ்வாக்கிழமை நான் தொண்ணூத்தஞ்சு" என்றாள். "நீயும் ஒழுங்காத்தான் எண்ணியிருக்க, நானும் ஒழுங்காத்தான் எண்ணியிருக்கேன். ரெண்டையும் கூட்டத்தான் ஆளில்லாமப் போச்சு."

மறுநாள் கோச்சிடம் போனாள். அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஜெயித்தால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மாவட்டத்தைத் தாண்டி அடுத்த சுற்று.

"ஞாயித்துக்கிழமை என் மைதானத்துல எதுவும் நடக்கல. நான் பாக்காதது எனக்குத் தெரியாது. உங்க தாள்ல இல்லாதது உங்களுக்கும் தெரியாது, மேடம்" என்றார்.

ரீஸின் அப்பாவுக்குப் போன் செய்தாள். பேரைச் சொன்னதுமே வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் இடம் கொள்ளாத கூட்டம். வெளியூர் அணிக்காக ட்ரிஷா என்கிற இளம்பெண் எண்ணிக்கை போட வந்து, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். முதல் இன்னிங்ஸ் முடிந்தது. ஒத்துப் பார்க்கத் திரும்பினார்கள்.

"பதினாலு" என்றாள் ட்ரிஷா.

"எழுபத்திரண்டு" என்றாள் லொரீன்.

நான் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"மேடம், ஒரு இன்னிங்ஸ்தானே ஆயிருக்கு?"

"என் தாள்ல எழுபத்திரண்டு இருக்கு. ஒத்துவரலேன்னா எங்க தாள்தான் செல்லும். சட்டத்தைப் பாத்துக்கோ."

ட்ரிஷா சட்டத்தைப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ரீஸைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள், வாயை மூடிக்கொண்டாள். எதிரணியின் ஒரே நல்ல வீச்சாளன் சீக்கிரம் வெளியே போனால் அவளுக்கென்ன கசக்குமா? இரண்டாவது இன்னிங்ஸ் முடிவில் லொரீன் எண்பத்தொன்பது என்றாள், மூன்றாவதில் நூற்று நான்கு. ட்ரிஷா ஒவ்வொரு தடவையும் பவ்யமாகத் தலையாட்டினாள்.

வாழ்க்கையில் ஒரு பவுண்டு சோளத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத பெண் கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதிக்கொண்டிருந்தாள். "லொரீன், உன்னை இந்தக் கூண்டை விட்டே துரத்திடுவாங்க" என்று காதோரம் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

நாலாவது இன்னிங்ஸில் ஆறாவது பந்து கேட்சரின் தலைக்கு மேல் பறந்தது. லொரீன் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மூன்றுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். நேரே உள்ளே போய் அம்பயரிடம் தாளைக் கொடுத்தாள்.

"நூத்திப்பத்து. இவன் இனிமே வீசக் கூடாது."

"நூத்திப்பத்தா? நாலாவது இன்னிங்ஸ்லயா?" அம்பயர் முகமூடியைக் கழற்றினார்.

கோச் லாண்ட்ரம் பாய்ந்து வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "உனக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? அம்பத்திரண்டு! ஊர் பூரா எண்ணிக்கிட்டிருக்கு, அம்பத்திரண்டு! பொய் சொல்றா சார் இவ!"

படிக்கட்டு இருக்கைகளில் கூச்சல் கிளம்பியது. எத்தனையோ வருஷமாக அவளிடம் நாயும் மச்சானுமாகப் பிடிபட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். யாரிடம் வாங்கினாள், எதிரூர்க்காரன் எத்தனை கொடுத்தான் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எல்லாரையும் சந்தேகப்பட்டவளை ஊரே சந்தேகப்பட்டது. அம்பயர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். ட்ரிஷா ஜன்னல் வழியே தோளைக் குலுக்கினாள்.

அப்போது மூன்றாவது பேஸ் பக்கத்து இருக்கையிலிருந்து டேரல் எழுந்தான். பொது இடத்தில் அவன் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"நூத்திப்பத்து சரிதான். மிச்சம் அம்பத்தெட்டு என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை ஹூஸ்டன்ல நான்தான் எண்ணினேன். என் பெண்டாட்டிக்குத் தெரியாம எண்ணினேன்."

கூட்டம் அடங்கியது. ரீஸின் அப்பா எழுந்தவர், எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கோச் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பந்து சட்டப்படி சேராது என்று அம்பயருக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் ஆளை மாற்றச் சொல்லியிருக்க மாட்டார், ஆட்டத்தைத் தொடரச் சொல்ல வாயெடுத்துவிட்டார். ரீஸ் காத்திருக்கவில்லை. அவனாகவே மேட்டிலிருந்து இறங்கி நடந்து வந்தான்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒன்பதுக்கு மூன்றாகத் தோற்றோம். லொரீனின் நாற்காலியை அடுத்த வாரமே பள்ளி வேறொருவருக்குக் கொடுத்தது. ரீஸின் முழங்கையைப் பார்த்த டாக்டர், தசைநார் இன்னும் கிழியவில்லை, ஆனால் ஒரு வருஷம் பந்தைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார். அதெல்லாம் பிற்பாடு.

அன்று அவன் கோச்சைத் தாண்டி வந்து லொரீன் முன்னால் நின்றான். பந்தை இடது கையால் அவளிடம் நீட்டினான்.

"மேடம், மூணு வாரமா சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கு. பந்து கையில இருக்கா இல்லையான்னே தெரியல."

"யார்கிட்டயும் சொல்லலையாடா?"

"யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

லொரீனுக்கு முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என்னைக் கேட்டாள், கோச்சைக் கேட்டாள், கேட்சரைக் கேட்டாள், புருஷனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். பையனின் காலணி மண்ணைக்கூடக் குனிந்து பார்த்தவள்.

"நான் உன்னைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

"இல்ல, மேடம்" என்றான்.